மார்ச்சில் கையெழுத்து, ஆகஸ்ட்டில் விற்பனை: இளம் ஃபுட்பால் வீரர்களுக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் 2023 மார்ச்சில் மொய்செஸ் கைசெடோவுக்கு 2027 வரை புது ஒப்பந்தம் போட்டுவிட்டு, அதே வருடம் ஆகஸ்ட்டில் அவரைச் செல்சிக்கு விற்றுவிட்டதே, விற்கப்போகிறவருக்கு எதற்கு நான்கு வருட ஒப்பந்தம், ரசிகர்கள் கண்ணில் மண்ணைத் தூவத்தானா? கூடவே இன்னொன்று: அதே கோடையில் அதே அணியிலிருந்து அலெக்சிஸ் மெக் அலிஸ்டர் மூன்றரைக் கோடி பவுண்டுக்குப் போக, கைசெடோ மட்டும் பத்துக் கோடிக்கு மேல் போனாரே, அவர் என்ன மூன்று மடங்கு நன்றாகவா ஆடினார்?

மூன்று மடங்கெல்லாம் கிடையாது. அந்த சீசனில் யார் சிறப்பாக ஆடினார் என்று என்னைக் கேட்டால் மெக் அலிஸ்டர் என்றுகூடச் சொல்வேன். விலை வித்தியாசத்துக்குக் காரணத்தை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும், அந்த மார்ச் மாதக் கையெழுத்துக்கும் அதுதான் பதில், அதனால் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஐபிஎல் ஏலத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். அங்கே ஒருவர் 18 கோடிக்குப் போனார் என்றால் அந்தப் பதினெட்டுக் கோடி அவருடைய சம்பளம். ஃபுட்பாலில் டிரான்ஸ்பர் தொகை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பது, வீரரின் சம்பளம் தனி, ஏஜென்ட் கமிஷன் தனி. அப்படியானால் விற்கிற கிளப் எதை விற்கிறது? வீரரின் ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் வருடங்களைத்தான். 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் ழான்-மார்க் போஸ்மான் தொடர்ந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் போகும்போது பழைய கிளப் காசு கேட்டுத் தடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் நாலு வருடம் மிச்சமிருந்தால் கிளப் கேட்பதுதான் விலை. ஒரு வருடம் மிச்சமென்றால் பேரம் வாங்குகிறவர் கைக்குப் போய்விடும். ஆறு மாதத்துக்குக் கீழே வந்துவிட்டால் வீரர் வெளிநாட்டுக் கிளப்போடு நேரடியாகவே பேசி முடித்துவிடலாம்.

இதன் கடைசி எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலில் பிறந்து, ஆறு வயதில் அந்தக் கிளப்பின் அகாடமிக்குப் போய், சாம்பியன்ஸ் லீக் வரை எல்லாம் ஜெயித்தவர். 2025 ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை. ரியல் மாட்ரிட்டுக்கு அந்த ஜூன் மாதம் நடந்த கிளப் உலகக் கோப்பையிலேயே அவரை இறக்க ஆசை, அதனால் ஒரு மாதம் முன்னதாக விடச் சொல்லிச் சுமார் ஒரு கோடி யூரோ கொடுத்தது. மீதமிருந்த முப்பது நாளுக்கு மட்டும் கிடைத்த காசு அது. இரண்டு வருடம் முன்னால் விற்றிருந்தால் லிவர்பூல் எவ்வளவு கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, கைசெடோ கதைக்கு வருவோம், இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் ஒரு கிளப் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது இவ்வளவு பட்டவர்த்தனமாக வெளியில் தெரிந்த சந்தர்ப்பங்கள் குறைவு. ஈக்வடாரின் சான்டோ டொமிங்கோவில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. இன்டிபென்டியென்டே டெல் வாயே என்ற கிளப்பில் வளர்ந்தார். இளம் பையன்களை வளர்த்து விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கிளப் அது, தென் அமெரிக்காவில் அந்த விஷயத்தில் இப்போது அதற்கு நல்ல பெயர். 2021 பிப்ரவரியில் பிரைட்டன் அவரைச் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது, அப்போது வயது 19. வந்தவுடன் இறக்கிவிடவில்லை, அந்த ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தின் பேர்ஸ்கோட் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பி, ஐரோப்பாவின் வேகமும் குளிரும் பழகட்டும் என்று விட்டு, ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில்தான் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம்.

ஒன்பது மாதம் கழித்து, 2023 ஜனவரியில், லீக்கில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல் ஆறு கோடி பவுண்ட் தருகிறேன் என்று வருகிறது. பிரைட்டன் முடியாது என்கிறது. கைசெடோ இன்ஸ்டாகிராமில் ஒரு கடிதம் போடுகிறார், தான் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, இந்த வாய்ப்பை விட முடியாது, கிளப்புக்கும் பெரிய தொகை கிடைக்கும், விடுங்கள் என்று. ஆர்சனல் ஏழு கோடி வரை ஏறுகிறது. பிரைட்டன் மறுபடியும் முடியாது என்று சொல்லி, டிரான்ஸ்பர் ஜன்னல், அதாவது வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம், மூடும் வரை பயிற்சிக்கே வர வேண்டாம் என்று அவருக்கு லீவு கொடுத்துவிடுகிறது.

45 லட்சத்துக்கு வாங்கியதை ஏழு கோடிக்குக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல என்ன தைரியம் என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள். கிளப்பின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். சீசன் நடுவில், ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெறும் வாய்ப்பு இருக்கும்போது, அணியின் நடுவிலிருந்து ஆளை உருவினால் மாற்று ஆள் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் நம் கையில் ஏழு கோடி இருப்பது தெரிந்து எல்லோரும் விலையை ஏற்றிச் சொல்வார்கள். ஆனால் மறுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஒப்பந்தம் 2025 வரைதான். அந்தக் கோடையில் இரண்டு வருடம் மிச்சம், அடுத்த கோடையில் ஒரே வருடம். கோபமாக இருக்கும் பையன் கையெழுத்துப் போடாமலே இருந்துவிட்டால் ஏழு கோடி கரைந்துகொண்டே போகும்.

அதனால்தான் மார்ச் ஒப்பந்தம். கைசெடோவுக்குக் கிடைத்தது, தன் தரத்துக்கேற்ற சம்பளம், அதுவும் உடனடியாக. பிரைட்டனுக்குக் கிடைத்தது, 2027 வரை காலம். இந்த மாதிரி நேரங்களில் பொதுவாக ஏஜென்ட்டும் கிளப்பும் வாய்மொழியாகவாவது ஒரு புரிதலுக்கு வருவார்கள்: கோடையில் சரியான விலை வந்தால் வழிவிடுகிறோம், அதுவரை ஒழுங்காக ஆடு. செலவு எவ்வளவு? ஒரு பேச்சுக்கு வாரச் சம்பளத்தை ஐம்பதாயிரம் பவுண்ட் கூட்டினார்கள் என்று வைத்துக்கொண்டால், இருபது வாரத்துக்குப் பத்து லட்சம். வரவு? பிரைட்டன் அந்த சீசனில் ஆறாமிடம் பிடித்து, கிளப்பின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. ஆகஸ்ட்டில் லிவர்பூல் 11.1 கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தது, கைசெடோ எனக்குச் செல்சிதான் வேண்டும் என்றார், செல்சி பத்துக் கோடியும் மேற்கொண்டு நிபந்தனைகளின் பேரில் ஒன்றரைக் கோடியும் என்று ஒத்துக்கொண்டது. ஜனவரி விலைக்கும் ஆகஸ்ட் விலைக்கும் குறைந்தது மூன்று கோடி வித்தியாசம்.

ஆகவே மார்ச் ஒப்பந்தம் நாடகமில்லை, விற்பனையின் முதல் படியே அதுதான். ‘கிளப்பின் எதிர்காலம் இவர்தான்’ என்று கையெழுத்துப் போடும் படத்துக்குக் கீழே எழுதுவது மட்டும் நாடகம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

மெக் அலிஸ்டருக்கும் இதே மாதிரி ஒரு புது ஒப்பந்தம்தான் 2022 அக்டோபரில் போட்டார்கள். ஆனால் வெளிவந்த செய்திகளின்படி அதில் இவ்வளவு தொகை வந்தால் விட்டுவிட வேண்டும் என்ற விடுவிப்பு ஷரத்து இருந்தது, அதைத்தான் ரிலீஸ் கிளாஸ் என்கிறார்கள். அக்டோபரில் அந்தத் தொகை கிளப்புக்கு நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் டி மரியாவுக்குக் கோல் எடுத்துக் கொடுத்து, கோப்பையோடு திரும்பி வருகிறார். விலை ஏறிவிட்டது, எழுதியது எழுதியதுதான். 2023 ஜூனில் லிவர்பூல் சுமார் மூன்றரைக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனது. அந்தக் கோடையின் மிக மலிவான வாங்கல் அது என்பது என் கருத்து.

அப்படியானால் ஏன் அந்த ஷரத்துக்குக் கிளப் ஒத்துக்கொள்கிறது? இல்லாவிட்டால் வீரர் கையெழுத்தே போட மாட்டார் என்பதால். ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் இதை இரண்டு விதமாகவும் பார்க்கலாம். 2020 ஜனவரியில் எர்லிங் ஹாலண்டைச் சால்ஸ்பர்க்கிலிருந்து சுமார் இரண்டு கோடி யூரோவுக்கு வாங்கியபோது பாதி ஐரோப்பா அவர் பின்னால் நின்றது. அவ்வளவு பெரிய கிளப்புகளை விட்டுவிட்டு டார்ட்மண்டுக்கு வர அவர் தரப்பு கேட்ட விலை, ஒரு விடுவிப்புத் தொகை. 2022-ல் மான்செஸ்டர் சிட்டி அந்த ஆறு கோடி யூரோவைக் கட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனது, டார்ட்மண்டுக்குப் பேச வாயே இல்லை. அதே 2020 கோடையில் பர்மிங்ஹாமிலிருந்து வாங்கிய ஜூட் பெல்லிங்ஹாமின் ஒப்பந்தத்தில் அப்படி ஒன்று இல்லை, 2023-ல் ரியல் மாட்ரிட் 10.3 கோடி யூரோவை உறுதித் தொகையாகக் கொடுத்தது, போனஸ்கள் தனி. டார்ட்மண்ட் பங்குச் சந்தையில் இருக்கும் கிளப் என்பதால் இந்த எண்ணை அதுவே அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஹாலண்டா பெல்லிங்ஹாமா என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை, ஒருவருக்கு எழுதப்பட்ட விலை இருந்தது, இன்னொருவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் சரி, பத்துக் கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்த சூத்திரத்திலிருந்தும் வரவில்லை. வயது, ஆடிய நிமிடங்கள், லீக்கின் தரம், காயம் பட்ட வரலாறு என்று எல்லாவற்றையும் போட்டுத் தட்டி ஒரு மதிப்பு எடுக்கிற மென்பொருள் இன்று நிறையக் கிளப்புகளில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் ரசிகர்களே விவாதித்துப் போடும் மதிப்பும் இருக்கிறது. ஆனால் மேசையில் உட்கார்ந்து பேசும்போது எல்லோரும் பார்ப்பது பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்பதைத்தான். 2023 ஜனவரியில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப் என்ஸோ ஃபெர்னாண்டஸை 12.1 கோடி யூரோவுக்குச் செல்சிக்கு விற்றது, அவரை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஜூலையில் டெக்லன் ரைஸ் பத்துக் கோடி பவுண்டுக்கும் கொஞ்சம் போனஸுக்கும் ஆர்சனலுக்குப் போனார். ரைஸைவிட கைசெடோவுக்கு வயது குறைவு, ஒப்பந்தத்தில் மிச்சமும் அதிகம், வாங்க வந்தவர்களும் இரண்டு பேர். பத்துக் கோடிக்குக் கீழே பேசவே மாட்டேன் என்று பிரைட்டன் நிற்க இது போதும்.

ரைஸின் ஒப்பந்தத்தில் ஒரு வருடமும், கிளப் விரும்பினால் நீட்டிக்கொள்ளக்கூடிய இன்னொரு வருடமும்தான் மிச்சம், அப்புறம் எப்படி அவ்வளவு விலை என்று கேட்பீர்கள். இங்கிலாந்துக்காரர் என்பதற்குத் தனி விலை உண்டு. பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில் 17 பேருக்கு மேல் வெளியில் வளர்ந்தவர்களை வைக்க முடியாது, உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள் கட்டாயம் தேவை, அதிலும் நேராக அணியில் இறங்கி ஆடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். இந்த ரைஸைப் பதினாலு வயதில் செல்சி அகாடமியிலிருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

இப்போது கணக்கு. இது தெரியாமல் 2023-க்குப் பிந்தைய எந்த விற்பனையும் புரியாது. ஒரு வீரரைப் பத்துக் கோடிக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் அந்த வருடமே பத்துக் கோடி செலவு எழுத மாட்டார்கள், வருடத்துக்கு இரண்டு கோடியாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்துப் புத்தகத்தில் அவர் மதிப்பு ஆறு கோடி. ஏழு கோடிக்கு விற்றால் ஒரு கோடி லாபம், அதுவும் அந்த வருடமே முழுசாக. செல்சி எட்டு வருடம், எட்டரை வருடம் என்று ஒப்பந்தம் போட்டதன் காரணம் இதுதான், எட்டால் வகுத்தால் வருடச் செலவு குறைவாகத் தெரியும். ஐரோப்பிய ஃபுட்பாலை நிர்வகிக்கும் யுஇஎஃப்ஏ 2023 கோடையில் ஐந்து வருடத்துக்கு மேல் பிரித்து எழுதக்கூடாது என்று தடுத்தது, டிசம்பரில் பிரீமியர் லீக்கும் அதே வழிக்கு வந்தது.

சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்குக் கிளப் எந்த விலையும் கொடுக்கவில்லை. புத்தகத்தில் அவர் மதிப்பு பூஜ்யம். அதனால் அவரை விற்றால் வருகிற ஒவ்வொரு பைசாவும் லாபம். மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்ற பிரீமியர் லீக் விதி கழுத்தை நெரித்தபோது கிளப்புகள் எங்கே கை வைத்தன என்று இனி சொல்லத் தேவையில்லை. ஆறு வயதில் செல்சிக்கு வந்த மேசன் மவுன்ட்டை 2023-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஐந்தரைக் கோடிக்கு விற்றார்கள். 2024 ஜூன் கடைசி வாரத்தில் கணக்கு முடிக்கும் நாள் நெருங்க நெருங்க நடந்தது இன்னும் கூத்து: செல்சி இயன் மாட்சனை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்க, வில்லா ஓமரி கெலிமனைச் செல்சிக்கு விற்க, இரண்டு பக்கமும் லாபம் எழுதிக்கொண்டார்கள். நியூகாசில் தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை மூன்றரைக் கோடிக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குக் கொடுத்தது. மனசில்லாமல் கொடுத்தது என்பது ஊருக்கே தெரியும். அடுத்த வருடம் அவர் இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

அந்த ஃபாரஸ்ட் கிளப்புக்கே இதில் ஒரு பாடம் நடந்திருந்தது. பிரென்னன் ஜான்சன் எட்டு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவர். 2023 ஜூன் 30-க்குள் அவரை விற்றிருந்தால் ஃபாரஸ்டின் கணக்கு பெருமளவு சரியாகியிருக்கும், ஆனால் அப்போது வந்த விலை போதாது என்று பொறுத்திருந்து செப்டம்பர் 1-ல் டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். விசாரணையில் ஃபாரஸ்டின் வாதம், அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்பதைவிடக் காத்திருந்து நல்ல விலைக்கு விற்றது கிளப்பின் நிதிக்கு நல்லதுதானே என்பது. வியாபாரம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆணையம் ஏற்கவில்லை. இரண்டாம் டிவிஷனில் இருந்த வருடங்களால் ஃபாரஸ்டுக்கு அனுமதித்த நஷ்டம் 6.1 கோடிதான், அதை 3.45 கோடி தாண்டியிருந்தார்கள், 2024 மார்ச்சில் நாலு புள்ளிகளைக் கழித்துவிட்டார்கள். கிளப்புகள் ஊதாரித்தனம் பண்ணக்கூடாது என்று வந்த விதி, கடைசியில் சொந்தப் பிள்ளைகளை முதலில் விற்க வைத்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் விதியை வைத்துக்கொண்டு கிளப்பை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை.

செய்தியில் வரும் தொகையை அப்படியே நம்பவும் வேண்டாம். பெரும்பாலும் அது தவணையில் வருவது. 2019-ல் பத்தொன்பது வயது ஜோவாவ் ஃபெலிக்ஸை அட்லெடிகோ மாட்ரிட் 12.6 கோடி யூரோவுக்கு வாங்கியது. விடுவிப்புத் தொகை 12 கோடிதான், மொத்தமாகக் கட்டாமல் தவணையில் கட்டுவதற்கான நிதிச் செலவுதான் மேலே உள்ள 60 லட்சம், பென்ஃபிகா அதையும் வாங்கிக்கொண்டுதான் விட்டது. போனஸ் தொகைகள் சாம்பியன்ஸ் லீக் தகுதி, ஆடிய ஆட்டங்கள் என்று நிபந்தனைகளோடு வரும், பாதிக்கு மேல் வராமலே போவதும் உண்டு. அப்புறம் செல்-ஆன், அதாவது மறுவிற்பனையில் பங்கு.

பங்கு சின்னக் கிளப்புகளுக்கு உயிர் மாதிரி. இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஆடும் எக்ஸெட்டர் சிட்டி, ரசிகர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கிளப். அகாடமியில் வளர்ந்த ஓலி வாட்கின்ஸை 2017-ல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது கிடைத்தது இருபது லட்சம் பவுண்டைக்கூடத் தொடாத தொகை, ஆனால் மறுவிற்பனையில் பங்கு வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். 2020-ல் வில்லா அவரை 2.8 கோடிக்கு வாங்கியபோது எக்ஸெட்டருக்கு முதலில் கிடைத்ததைவிடப் பெரிய தொகை வந்து விழுந்தது. இன்று கையில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பங்கை விடாதே என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது அதைக் கடைப்பிடிக்க முடிவதில்லை.

எதுவுமே எழுதி வாங்காத கிளப்புக்கும் ஃபிஃபா விதியில் ஒரு பிடி இருக்கிறது. நாடு தாண்டிய எந்த டிரான்ஸ்பரிலும் தொகையில் ஐந்து சதவீதம், அந்த வீரரை 12 வயதிலிருந்து 23 வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் அரை சதவீதம். 2020-லிருந்து, ஒரே நாட்டுக் கிளப்புகளுக்கு இடையே விற்றாலும் வளர்த்த கிளப் வேறு நாட்டில் இருந்தால் இது உண்டு. பத்துக் கோடி பவுண்ட் விற்பனையில் அரை சதவீதம் என்றால் ஐந்து லட்சம் பவுண்ட், ஒரே ஒரு வருடப் பயிற்சிக்கு. ஈக்வடாரில் ஒரு மைதானத்தைப் பல வருடம் நடத்தலாம். இதை வசூலித்துத் தருவதற்கென்றே 2022 நவம்பரில் பாரிஸில் ஃபிஃபா ஒரு தனி அமைப்பைத் தொடங்கியது, அதற்கு முன்னால் நிறைய பேர் வாங்காமலே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் பையனின் பதிவுத் தாளே எங்கே என்று தெரியாது.

உள்நாட்டில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 2012-ல் வந்த அகாடமித் திட்டம், பெரிய கிளப் சின்னக் கிளப்பின் பையனை எடுத்துக்கொண்டால் இவ்வளவுதான் ஈடு என்று வருடக் கணக்கில் நிர்ணயம் செய்துவிட்டது. பிரென்ட்ஃபோர்ட் இதில் நொந்துபோன கிளப். வளர்த்த இரண்டு பதினாறு வயதுப் பையன்களை மான்செஸ்டரின் இரண்டு கிளப்புகளும் ஆளுக்கொருவராகக் கொண்டுபோனபோது கிடைத்தது தலைக்குச் சுமார் முப்பதாயிரம் பவுண்ட். 2016-ல் அகாடமியையே இழுத்து மூடினார்கள். அதற்குப் பதிலாக, பெரிய அகாடமிகள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வேண்டாம் என்று அனுப்பும் பையன்களை எடுத்து ஒரு ‘பி’ அணி வைத்தார்கள். பிரீமியர் லீக்குக்கு ஏறிய பிறகு 2022-ல் மறுபடி அகாடமி திறந்தார்கள். லண்டன் மாதிரி ஊரில், சுற்றிலும் பணக்காரக் கிளப்புகள் இருக்கும்போது, அன்றைக்கு அது சரியான முடிவுதான் என்பேன்.

கடைசியாக, தக்கவைப்பது. காசு கொடுத்தால் இருப்பான் என்பது பாதிதான் உண்மை. இங்கிலாந்தில் பதினேழு வயதில்தான் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியும், பதினெட்டுக்குக் கீழே என்றால் ஃபிஃபா விதிப்படி அதிகபட்சம் மூன்று வருடம். அந்தப் பதினேழாவது பிறந்தநாள்தான் எல்லா அகாடமிகளும் பயப்படும் நாள். ஜேடன் சாஞ்சோவுக்கு 2017-ல் மான்செஸ்டர் சிட்டி நல்ல சம்பளத்தோடுதான் ஒப்பந்தம் நீட்டியது. அவர் கேட்டது ஆட்டத்தில் இடம். அதை உறுதியாகச் சொல்ல சிட்டியால் முடியவில்லை. அந்த ஆகஸ்ட்டில்தான் டார்ட்மண்ட் டெம்பெலேவைப் பார்சலோனாவுக்கு விற்றிருந்தது, அவர் போட்டிருந்த 7-ஆம் எண் சட்டை காலியாக இருந்தது, அதைப் பதினேழு வயதுப் பையனிடம் கொடுத்தார்கள். இதைவிட ஒரு வாக்குறுதி என்ன இருக்கிறது? நாலு வருடம் கழித்து 8.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள், மறுவிற்பனைப் பங்கு எழுதி வைத்திருந்ததால் சிட்டிக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

ரியல் மாட்ரிட்டுக்கு வேறு வழி. பையனுக்கு இங்கே இடமில்லை என்றால் விற்றுவிடுவார்கள், ஆனால் திரும்ப வாங்கும் உரிமையை எழுதி வைத்துக்கொள்வார்கள். மொராட்டாவை 2014-ல் யுவென்டஸுக்கு இரண்டு கோடி யூரோவுக்குக் கொடுத்து, 2016-ல் மூன்று கோடிக்குத் திரும்ப வாங்கி, அடுத்த வருடமே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செல்சிக்கு விற்றார்கள். பையனை ஆடவிட்டுத் தேற்றியது யுவென்டஸ், லாபம் மாட்ரிட்டுக்கு. பணத்தைக் கொட்டியே தக்கவைக்கப் பார்த்தது பிரான்சின் பிஎஸ்ஜி கிளப்: எம்பாப்பேக்காக 18 கோடி யூரோ கொடுத்திருந்தார்கள், 2022-ல் நாட்டின் அதிபர் வரை பேசி ஒப்பந்தத்தை நீட்டினார்கள், 2024-ல் ஒரு பைசா டிரான்ஸ்பர் தொகை இல்லாமல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார்.

பிரைட்டன் இந்த இரண்டு வழியிலும் போவதில்லை. ஆளைப் பிடித்து வைப்பதைவிட அடுத்த ஆளைத் தயாராக வைப்பதில்தான் அவர்கள் காசைப் போடுகிறார்கள், 2022-23 கணக்கில் 12.28 கோடி பவுண்ட் லாபம் காட்டியதும் அப்படித்தான். கைசெடோ போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், 2023 ஆகஸ்ட் 29-ல் பிரான்சின் லீல் கிளப்பிலிருந்து பத்தொன்பது வயது கார்லோஸ் பலேபாவை வாங்கினார்கள், அதே இடத்துக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில். 2025 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் அவரைக் கேட்டு வந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருந்தது, பிரைட்டன் விற்கவில்லை.